சோப்பு ஃபாதரின் ஊர்

நம் வகுப்புக் குழுவில் ஆளுக்கொரு பால்ய நினைவு எழுத வேண்டும் என்று முடிவானபோது, மாங்காய் திருடியதைப் பற்றி எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் உங்களில் நான்கு பேர் அதையே எழுதிவிட்டீர்கள். நாம் திருடியதாகச் சொல்லும் மாங்காய்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், நம் அணு உலை நகரியத்தில் அத்தனை மரமே இருந்ததில்லை. போகட்டும். வயதானால் எல்லாருக்கும் சின்ன வயதில் வீரம் வந்துவிடுகிறது.

பிறகுதான் நம்மில் ஒருத்தி இத்தாலியிலிருந்து அந்தப் படங்களைப் போட்டாள். மகனைப் பார்க்கப் போன இடத்தில், தொப்பி போட்டுக்கொண்டு, லெச்சே என்ற ஊரின் மாதா கோயில் முன்னால் நின்றிருந்தாள். மாலை வெயிலில் கோயில் தேன் நிறத்தில் இருந்தது. முகப்பில் ஒரு சாண் இடம் சும்மா விடவில்லை. திராட்சைக் குலை, மாதுளை, சிங்கம், பறவை, தூணைத் தலையில் தாங்கும் கொழுக்மொழுக் குழந்தைகள். 'நம்ம சோப்பு ஃபாதர் ஊர்தானே இது? கல்லைப் பால்ல ஊற வைப்பாங்களாம், கைடு இப்பவும் சொல்றார்' என்று கீழே எழுதியிருந்தாள். உடனே நீங்கள் எல்லாரும் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டீர்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

எனவே இதை எழுதுகிறேன். படித்தபின் என்னைக் குழுவிலிருந்து நீக்கினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கோடை விடுமுறை உங்களுக்கு நினைவிருக்கும். நகரியத்தில் பாதி வீடுகள்தான் கட்டி முடித்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் ஜல்லிக் குவியல், தார் டின், சவுக்குக் கட்டை. நம் அப்பாக்கள் திருநெல்வேலியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் அணு உலையில் வேலை என்று வந்து இறங்கியவர்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இங்கிலீஷ் பேச வேண்டும். சவுக்குத் தோப்புக்கு அப்பால் இருந்த சின்ன மாதா கோயிலில் ஒரு வெள்ளைக்கார ஃபாதர் இருக்கிறார், சும்மாவே சொல்லித் தருகிறார் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் துரத்திவிட்டார்கள்.

அவர் இத்தாலிக்காரர். அவருடைய இங்கிலீஷ் நம்முடையதைவிட மோசம். 'ஹவுஸ்' என்பதில் 'ஹ' வராது. நாம் திருத்துவோம், அவர் நன்றி சொல்வார். அவருடைய தமிழோ புத்தகத்திலிருந்து எழுந்து வந்த தமிழ். 'பிள்ளைகாள், அமருங்கள்' என்பார். இதை வீட்டில் போய் ஒருவரும் சொல்லவில்லை. வெள்ளையாக இருப்பவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நம் அப்பாக்கள் நம்பினார்கள். அணுவைப் பிளக்கத் தெரிந்தவர்கள்தான்.

பாடம் சலித்துவிட்டால் அவர் தன் ஊர்ப் படத் தபால் அட்டைகளை எடுப்பார். அந்த ஊரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்கு எந்தப் பாஷையும் தடுமாறாது. "எங்கள் ஊர்க் கல் வெண்ணெய் போன்றது. கத்தியால் செதுக்கலாம். செதுக்கிய பின் பால் பூசுவார்கள். பல முறை பூசுவார்கள். கல் பாலைக் குடிக்கும், உறுதியாகும். பின்பு முந்நூறு வருடம் மழைக்கும் காற்றுக்கும் அஞ்சாது." இப்படிச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். நமக்கு அது வேடிக்கை.

மாமல்லபுரத்துக் கல்தச்சர் வீட்டிலிருந்து வந்த நம் வகுப்புக்காரன்தான் முதலில் ஆரம்பித்தான். "கல்லுனா உளி மழுங்கணும் ஃபாதர். கத்தியால அறுத்தா அது கல்லா? சோப்பு" என்றான். அன்று பிடித்த பெயர்தான் சோப்பு ஃபாதர். மறுவாரம் அவனே ஒரு சலவை சோப்புக் கட்டியில் அந்தத் தபால் அட்டைக் கோயிலை நகவெட்டியால் செதுக்கி எடுத்து வந்தான். கேலிக்குத்தான். நாம் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முத்தமிட்டார். "இதுதான்! இதுதான் எங்கள் ஊர்!" என்று நம் ஒவ்வொருவரிடமும் காட்டினார். ஜன்னல் மேடையில் வைத்துக்கொண்டார். கோடை மழைச் சாரலில் அது கரைந்து நுரைத்து வழிந்தது. அதையும் அவர் துடைக்காமல் வைத்திருந்தார். நாம் தோப்புக்குள் போய் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இது வரைக்கும் நீங்கள் எல்லாரும் அறிந்தது. இனிமேல் நான் மட்டும் அறிந்தது.

ஃபாதருக்குச் சமைத்துப் போட்டு, கோயிலைக் கூட்டிப் பெருக்கியவள் செய்யூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி. புருஷன் செத்துப்போய், கைக்குழந்தையோடு வந்து, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தாள். அவளுடைய பெண்ணுக்கு என் வயது. உங்களுக்கு அவளைப் பால்காரி என்றுதான் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இவ்வளவும்.

அவள் நம்மைவிடக் கெட்டிக்காரி. நாம் பெஞ்சில் உட்கார்ந்து விழிக்கும் கேள்விக்கு, வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டே பதில் சொல்லுவாள். செங்கல்பட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிப் பள்ளியில் அவளை ஆறாம் வகுப்பில் சேர்க்க, ஃபாதர் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். பள்ளி திறந்ததும் போக வேண்டியதுதான் பாக்கி. அவளுடைய அம்மா ஒரு தகரப் பெட்டி வாங்கி வைத்திருந்தாள். அதற்குள் இரண்டு பாவாடை, ஒரு சீப்பு, ஒரு புதுத் தட்டு. என்னிடம் மூன்று முறை திறந்து காட்டினாள் அந்தப் பெண்.

அந்த மே மாதத்தில் ஃபாதருக்குக் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே அவர் ஊர்ப் புனிதரின் சிலை. ஆள் உயரம். நீலமும் தங்கமுமாக அங்கி, கண்ணாடிக் கண்கள், ஆசீர்வதிக்கும் இரண்டு விரல். "என் தந்தை செய்தது. அவர் இப்போது இல்லை" என்றார். வழியில் தோள்பட்டையில் ஒரு விரிசல் விட்டிருந்தது. வரும் திருவிழாவில் சப்பரத்தில் வைத்துக் கடற்கரை வரை எடுத்துப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அது வரைக்கும் பூசை உடுப்பு மாற்றும் சிறிய அறையில் துணி போர்த்தி நிறுத்தினார்கள். இரண்டே பேர் அலுங்காமல் தூக்கி வைத்தார்கள். சோப்புக் கல் எடையும் இல்லாதது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிலை என்றால் கல். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வளரும் எந்தப் பிள்ளைக்கும் வேறு எண்ணம் வராது. எதில் செய்தது என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு வார தியானத்துக்கு ஃபாதர் வெளியூர் போனார். வகுப்பு கிடையாது. வாரத்தின் நடுவில் ஒரு நாள், நான் மட்டும் அந்தப் பெண்ணோடு விளையாடத் தோப்பைக் கடந்து வந்தேன். அறையில் புகுந்து போர்வையை விலக்கினோம். நான் என் கையிலிருந்த பிளாஸ்டிக் வளையலைப் புனிதரின் கையில் மாட்டி, "வளைகாப்பு சாமி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "கழட்டு, பாவம்" என்றாள். இழுத்தேன். வளையலோடு ஒரு விரலும் வந்துவிட்டது.

ஒடிந்த இடம் வெள்ளையாக, சுண்ணாம்பு போல இருந்தது. விரலைக் கையில் மூடிக்கொண்டு வாசலைப் பார்த்தேன். என் அப்பாவுக்குக் கோபம் வந்தால் பெல்ட்டைக் கழற்றுவார். நகரியத்தில் எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

"ஃபாதர் வந்ததும் சொல்லிடலாம். அவரு அடிக்க மாட்டாரு" என்றாள் அவள்.

"அவர் எங்கப்பாகிட்ட சொல்லுவார்."

"சொன்னா இன்னா? தெரியாமதான ஒடிஞ்சிது."

தெரியாமல் ஒடிந்தது என்பது அவள் வீட்டில் செல்லுபடியாகும் காரணம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு காரணம் கிடையாது. சோற்றைப் பிசைந்து விரலை ஒட்டினேன். நின்றது. ஆனால் ஆடியது. அப்போதுதான் பால் நினைவுக்கு வந்தது. பல முறை பூசுவார்கள், கல் குடிக்கும், உறுதியாகும். விரலும் ஒட்டிக்கொள்ளும், விரிசலும் மூடிக்கொள்ளும். சாமிக்குப் பால் ஊற்றுவதில் தப்பென்ன இருக்கிறது? நம் ஊர்க் கோயில்களில் குடம் குடமாக ஊற்றுகிறார்கள்.

"பாலத் தொடாத. அம்மா அளந்து வெச்சிகீது" என்றாள் அவள். சொல்லிவிட்டு வெள்ளரிப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கப் போனாள். நான் சமையலறைக்குள் போய் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டேன்.

நாற்காலியில் ஏறித் தோள் விரிசலில் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. முழுவதையும் உறிஞ்சிக்கொண்டது. கல் பால் குடிக்கிறது! எனக்கு ஒரே ஆனந்தம். மறுநாள் இரண்டு டம்ளர். மூன்றாம் நாள் ஒரு செம்பு. அறையில் புளித்த வாடை வரத் தொடங்கியிருந்தது. கால்மாட்டில் எறும்புச் சாரை. உறுதியாகும்போது அப்படித்தான் வாடை வரும் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதற்குள் சமையற்காரம்மாள், தினமும் பால் குறைகிறதே என்று மகளைச் சாடிக்கொண்டிருந்தாள். "வாய அடக்க முடியலையா உனக்கு? ஃபாதர் இல்லாத நேரமாப் பாத்துக் குடிக்கிறியா?" அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் பல்லாங்குழியின் காய்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் மதியம் சமையற்காரம்மாளின் அலறல் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் வாயில் முதலில் வந்தது "முருகா". பிறகுதான் "ஏசுவே". ஓடிப்போய்ப் பார்த்தேன். புனிதரின் தலை தொங்கியிருந்தது. முகம் தாடையிலிருந்து உரிந்து மார்பின் மேல் கிடந்தது. ஒரு கண்ணாடிக் கண் தரையில் உருண்டிருந்தது. தோள் பிளந்து, உள்ளே வைக்கோல் தெரிந்தது. வைக்கோலைச் சுற்றிப் பசை தடவிய காகிதம், அடுக்கடுக்காக. ஊறிப்போன காகிதத்தில் புரியாத பாஷையில் அச்செழுத்துகள். அந்த ஊரில் கல்லில் செதுக்குவதைப் போலவே காகிதத்திலும் சாமி செய்வார்களாம். இதை நான் தெரிந்துகொண்டது நாற்பது வயதுக்கு மேல்.

அவள் எங்கள் இருவரையும் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "யாரு பால ஊத்தினது?"

"இவ" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நம்பாதீர்கள். யோசித்துத்தான் சொன்னேன். அலறல் கேட்டு ஓடி வரும்போதே சொல் தயாராக இருந்தது.

"இல்லம்மா! இதுதான் ஊத்திச்சி! வெரல ஒடிச்சிது, அப்புறம் ஊத்திச்சி!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். எனக்கு இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், காலில் செருப்பு. "ஆபீசர் வூட்டுப் பாப்பா ஏண்டி பாலத் திருடப் போவுது? அது வூட்டுல இல்லாத பாலா?" என்றாள். என் அப்பா ஆபீசர் இல்லை, வரைபடம் போடுகிறவர். அவளுக்கு நகரியத்தில் இருக்கிற எல்லாரும் ஆபீசர். கரண்டியை அடுப்பில் வைத்தாள். மகள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான் இல்லம்மா, நான் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கையில் வைத்தபோதும் அதைத்தான் சொன்னாள்.

நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். தீய்ந்த வாடை வந்தது. வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை.

பிறகு அம்மாள் என் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ வூட்டுக்குப் போ பாப்பா. யாராண்டயும் சொல்லாத. இவ பேரு வெளிய வந்தா ஃபாதர் லெட்டரு குடுக்க மாட்டாரு. படிப்பு போயிடும்" என்றாள். குரல் கெஞ்சியது. என்னிடம் கெஞ்சியது.

அன்று சாயங்காலமே ஃபாதர் வந்தார். அலறலை வேலிக்கு அப்பாலிருந்து கேட்ட கோயில் உபதேசியார் அதற்குள் ஊரைக் கூட்டிவிட்டார். நீங்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தீர்கள், பலரும் அப்பாவோடு. என் அப்பாவும் என் தோளில் கை வைத்து நின்றிருந்தார்.

"முருகான்னு கத்திச்சி, என் காதால கேட்டேன். பழைய புத்தி போவுமா? பாலாபிஷேகம் பண்ணிகீது பாருங்க ஃபாதர்" என்றார் உபதேசியார்.

ஃபாதர் தரையில் உட்கார்ந்து அந்தக் காகிதக் கூழைக் கையில் அள்ளி வைத்திருந்தார். நிமிர்ந்து, "நீயா?" என்று கேட்டார்.

சமையற்காரம்மாள் மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். பெண்ணின் கையில் ஈரத் துணி சுற்றியிருந்தது. "ஆமா சாமி. நான்தான் ஊத்தினேன். வேண்டுதல்" என்றாள்.

பாலைப் பற்றி நமக்குச் சொன்னவர் அவர்தான். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நம்மைத் திரும்பிப் பார்த்திருப்பார். பார்க்கவில்லை. செத்த தகப்பன் கையில் கூழாகக் கிடக்கும்போது யாருக்கு யோசனை ஓடும் என்று இப்போது அவருக்காகவும் வாதாடிப் பார்க்கிறேன். அன்று அவர் மெதுவாக, அழகான தமிழில் சொன்னார். "மகளே, உன்னை மன்னிக்கிறேன். ஆனால் நீ இனி இங்கே இருத்தல் ஆகாது."

"என்னப் போவச் சொல்லு சாமி, போறேன். பொண்ணுக்கு அந்த லெட்டரு மட்டும்..."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "படிப்பில்லாத ஜனம், என்ன பண்றது" என்றார் என் அப்பா. என் தோளைத் தட்டிக்கொடுத்தார், நான் ரொம்பப் பயந்துவிட்டேனாம்.

மறுநாள் காலை அவர்கள் மாட்டு வண்டியில் போனார்கள். தகரப் பெட்டி மேலே இருந்தது. நாம் வண்டிக்குப் பின்னால் தோப்பு முனை வரைக்கும் ஓடினோம். "பால்காரி! பால்காரி!" என்று கத்தினோம். ஆரம்பித்தது நான். உங்களுக்கு நினைவில்லாவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய அம்மா மட்டும் எனக்குக் கை காட்டினாள், சொல்லாமல் காப்பாற்றியதற்காக.

நான் பிறகு படித்தேன், ஆசிரியை ஆனேன், தலைமையாசிரியையும் ஆனேன். பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே முட்டி போடச் சொல்வேன். கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தேன். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, உண்மைக்கு உதாரணம் என்று பேசினார்கள். வாங்கிக்கொண்டு கூடுவாஞ்சேரி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

லெச்சே படங்கள் வந்த மறுநாள், செய்யூரில் சவுக்கு போட்டிருக்கும் நம் வகுப்புக்காரன் ஒருவனுக்குப் போன் செய்து அவளைப் பற்றிக் கேட்டேன். அவன் யோசிக்கக்கூட இல்லை. "யாரு, பால்காரியா? ரோட்டு மேலதான் நாஸ்தா கடை வெச்சிகினு கீது. நான் தெனம் அங்கதான் துண்றேன்" என்றான். எத்தனையோ வருஷமாக அவன் அங்கே இட்லி சாப்பிடுகிறான். அது வரை நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனேன். ஓலைச் சார்ப்பு, இரண்டு பெஞ்சு, பின்னால் ஓட்டு வீடு. நரைத்த தலையோடு தோசைக் கல் முன்னால் நின்றிருந்தாள். "இன்னா வோணும்மா?" என்றாள். தண்ணீர் டம்ளரை நீட்டியபோது உள்ளங்கையைப் பார்த்தேன். ரேகையே இல்லாமல் மழமழவென்று இருந்தது.

நான் யார் என்று சொன்னேன். அடுப்பை அணைத்தாள். விரலிலிருந்து செம்பு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவளுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடவில்லை. மன்னிப்புக் கேட்டபோது குறுக்கே கையை நீட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் எனக்கு வாணாம். படிக்காம போனது கூட போவட்டும், அந்தப் பெட்டில அரிசி கொட்டி வெக்கிறேன். ஆனா அம்மா இன்னும் கீது. உள்ள படுத்துகினு கீது. உன்னாலதாண்டி நடுத்தெருவுக்கு வந்தோம்னு சோறு போட சொல்லோ சொல்லும். எனக்குக் கல்யாணம் ஆவ சொல்லோ சொல்லிச்சி. எம் புருஷன் செத்த அன்னிக்கும் சொல்லிச்சி. இப்ப நான் கஞ்சி ஊட்ட சொல்லோவும் சொல்லுது. என்னாண்ட சொன்னத அதாண்ட வந்து சொல்லு. அது போதும்."

உள்ளே கயிற்றுக் கட்டிலில் தொண்ணூறை எட்டிய உடம்பு கிடந்தது. என்னை யாரென்று சொன்னதும் அந்த முகம் மலர்ந்தது. "ஆபீசர் பொண்ணா? துன்னியா கண்ணு? இதுக்கு ரெண்டு தோச ஊத்திக் குடுடி" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை விடுவித்துக்கொள்ளாமல், காதோரம் குனிந்து, நான்தான் விரலை ஒடித்தேன், நான்தான் பால் ஊற்றினேன், உங்கள் மகள் தொடக்கூட இல்லை என்று சொன்னேன். புரியவில்லையோ என்று திரும்பவும் உரக்கச் சொன்னேன்.

புரிந்தது. என் கையை விட்டுவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணை இடுக்கி, கட்டில் தலைமாட்டில் நின்ற மகளைத் தேடினாள்.

"ஏண்டி, அப்பவே எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?"

மகள் குனிந்து, அம்மாளின் கடைவாயில் வழிந்ததைத் துண்டால் துடைத்தாள்.

"சொன்னேம்மா" என்றாள். "சொல்லிகினேதான் இருந்தேன்."